வைகாசியில் ஒரே நாளில் செஞ்சியின் இரண்டு மலையும் ஏற முடியுமா?

கேள்வி இதுதான்: "நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். நான்கு பேர், எல்லாருக்கும் இருபத்தைந்துக்குள் வயது. வைகாசியில் ஒரு நாள் விடிகாலை கிளம்பி செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டு உச்சியையும் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்ப முடியுமா? அடுத்த வருஷம் வெள்ளியங்கிரி போகும் எண்ணம் இருக்கிறது, அதற்கு ஒரு பழக்கமாக இருக்கட்டும் என்று பார்க்கிறோம். எந்த மலையை முதலில் ஏறுவது?"

முடியும். ராஜகிரியை முதலில் ஏறுங்கள். கிருஷ்ணகிரி ஏறுவதா வேண்டாமா என்பதை ராஜகிரியிலிருந்து இறங்கிய பிறகு முடிவு செய்யுங்கள், வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்போதே முடிவு செய்யாதீர்கள். அவசரமாக இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் இருபது வருஷத்துக்கு மேலாக அந்த மலைகளுக்குப் போய் வருகிறேன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முதலில் நம்மைப் பற்றி ஒரு உண்மை. நாம் கடலோரத்து ஆட்கள். கடலூர்க்காரனுக்குத் தெரிந்த ஒரே மலை கேப்பர் மலை, அதையும் மலை என்று சொன்னால் செஞ்சிக்காரன் சிரிப்பான். புதுச்சேரிக்காரர்களுக்கு அதுவும் இல்லை, கோரிமேடுதான். தினமும் கடற்கரையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், எனக்கென்ன என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சமதரையில் நடக்கும் கால் வேறு, படி ஏறும் தொடை வேறு. ராஜகிரி தரையிலிருந்து 800 அடிக்கு மேல், அதாவது சுமார் 240 மீட்டர். ஒரு மாடிக்குப் பத்தடி என்று வைத்தால் எண்பது மாடி, லிஃப்ட் இல்லாமல். அந்தப் படிகளும் ஒரே அளவில் இருக்காது, சில இடத்தில் அரையடி, சில இடத்தில் முழங்கால் உயரம்.

மலையேறுகிறவர்கள் நேரம் போட ஒரு பழைய கணக்கு உண்டு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்னது: மூன்று மைல் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்குப்படி ராஜகிரியின் ஏற்றத்துக்கு மட்டும் 25 நிமிஷம், அடிவார நடையையும் சேர்த்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உச்சியில் நிற்க வேண்டும். ஆனால் அவர் ஸ்காட்லாந்துக் குளிரை வைத்துப் போட்ட கணக்கு அது. வைகாசியில் செஞ்சிக்கு அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது வெயில். இதைத்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் செஞ்சியில் ஆளைச் சாய்ப்பது உயரம் இல்லை, பாறை. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், பெயரைக் கேட்டால் என்னவோ தென்றல் வீசுகிற மாதிரி இருக்கும். நிஜத்தில் மே 4இலிருந்து 28 வரை அக்னி நட்சத்திரம், வைகாசியின் முதல் பாதி அதற்குள்தான் வருகிறது. கத்திரி முடிந்தபின் போங்கள் என்று சொல்வேன், ஆனால் நட்சத்திரம் முடிந்த மறுநாளே பாறை ஆறிவிடும் என்று நினைக்காதீர்கள்.

மலை மேலே போனால் குளுகுளு என்று இருக்கும் என்ற நினைப்பு ஊட்டி, கொடைக்கானலால் வந்தது. காற்றின் வெப்பம் 1000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். ராஜகிரியின் 240 மீட்டருக்கு ஒன்றரை டிகிரி. கீழே 39 என்றால் மேலே 37.5, அவ்வளவுதான். மேலே காற்று வீசும், அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த உச்சிக்குப் போகும் வழி முழுக்க கருங்கல்லின் மடி. மலையே மொத்தமாக ஒரு பாறைக் குவியல், உருண்டை உருண்டையாக யாரோ கொட்டிவைத்த மாதிரி. காலை ஒன்பதரைக்குள் அது சூடேறத் தொடங்கும், அப்புறம் மேலே இருந்து சூரியன், பக்கத்திலிருந்து பாறை, காலடியிலிருந்து படி என்று மூன்று பக்கமும் வேகும்.

கருங்கல் எவ்வளவு நேரம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று தெரிந்துகொள்ள செஞ்சி வரை போக வேண்டியதில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்கிய கல் தூண்கள் இருக்கின்றனவே, அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கொண்டுவரப்பட்டவை. நல்ல வெயில் நாளில், பொழுது சாய்ந்து கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும் நேரத்தில் போய் மேற்குப் பக்கமாக ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கடல் பக்கத்திலேயே நிற்கும் ஒற்றைத் தூண் அப்படி இருக்கிறது என்றால் ஒரு மலையே என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கடற்காற்று என்றதும் இன்னொன்று. நமக்கு மதியம் ஆனால் கடற்காற்று வந்துவிடும், வெயில் எவ்வளவு அடித்தாலும் ஒரு மணி, இரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் மூச்சு விடலாம். அந்தப் பழக்கத்தில் செஞ்சியிலும் மதியத்துக்கு மேல் குறையும் என்று எதிர்பார்ப்போம். செஞ்சி கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. அங்கே அந்தக் காற்று எட்டிப் பார்ப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அதோடு நம் ஊரில் வியர்வை சட்டையை நனைத்து ஒட்டும், தண்ணீர் போகிறது என்று நமக்கே தெரியும். அங்கே காற்று வறட்சி, வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், நான் அவ்வளவாக வியர்க்கவில்லையே என்று தோன்றும். முகத்தைத் தடவினால் உப்பு நறநறக்கும், அதுதான் அடையாளம். வெயிலில் ஏறும்போது மணிக்கு ஒரு லிட்டர் வரை கூடப் போகலாம்.

நிழல் எங்கே கிடைக்கும் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செஞ்சிக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது சித்திரை பத்து வாக்கில். வைகாசியில் அது வடக்கே சாய்ந்திருக்கும், நண்பகலில் நம் நிழல் தெற்குப் பக்கம் ஒரு சாண் விழும். அதனால் மதியம் ஒதுங்க வேண்டி வந்தால் சுவரின், பாறையின் தெற்குப் பக்கம் ஒதுங்குங்கள். மார்கழியில் போய் வந்தவர்கள் வழக்கப்படி வடக்குப் பக்கம் போய் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டுவார்கள். ஒரு சாண் நிழலுக்கு இவ்வளவு வியாக்கியானமா என்று கேட்கலாம். அங்கே போய் நின்றால் கேட்கமாட்டீர்கள்.

சரி, எந்த மலை முதலில்? பெரும்பாலானவர்கள் சின்ன மலையிலிருந்து தொடங்கலாம், உடம்பு சூடாகட்டும் என்பார்கள். நாங்களும் ஒருமுறை அப்படித்தான் செய்தோம். முதுநகர்ப் பையன்கள் இரண்டு பேர், நான், என் மைத்துனர். சாலையோரத்திலேயே கிருஷ்ணகிரி நிற்கிறது, ஆள் நடமாட்டம் குறைவு, அழகான மண்டபம், களஞ்சியம், எண்ணெய்க் கிணறு என்று பார்த்துப் பார்த்துப் படம் எடுத்து, இறங்கி, இளநீர் குடித்து, ராஜகிரி அடிவாரத்தில் கால் வைக்கும்போது மணி பதினொன்று. பாதி வழியில் ஒரு பையனின் ஷூ அடிப்பாகம் வாய் பிளந்தது. சூட்டில் பசை விட்டுப்போகும், பரணில் கிடந்து எடுத்த பழைய ஷூ என்றால் நிச்சயம் விடும். அதைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு நடந்தான். உச்சிக்கு முன்னால் ஒரு பாலம் உண்டு, அது தெரிகிற இடத்தில் மைத்துனருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. தண்ணீர் இருந்தது, உப்பு இல்லை. நிழலில் உட்கார வைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் காலை நீவிவிட்டு, மூன்றரை மணி வரை அங்கேயே கிடந்தோம். உச்சி இருபது நிமிஷ தூரத்தில் இருந்தது, யாரும் போகவில்லை. மைத்துனர் இன்றைக்கும் செஞ்சி என்றால் என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பார்.

அதிலிருந்து நான் கற்றது, கஷ்டமானதை நல்ல நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது. காலையின் முதல் இரண்டரை மணி நேரம்தான் வைகாசியில் உங்கள் கையில் இருக்கும் பணம், அதைச் சின்ன மலையில் செலவழித்துவிட்டுப் பெரிய மலைக்குக் கடன் வாங்கக்கூடாது. இன்னொரு காரணமும் உண்டு. பிற்பகலில் நேரம் தாழ்த்திப் போனால் ராஜகிரிக்கு மேலே காவலர்கள் விடமாட்டார்கள். கிருஷ்ணகிரியை விட்டுவிட்டு வந்தால் மனசு ஆறும், ராஜகிரியை விட்டுவிட்டு வந்தால் ஆறாது.

எனவே நுழைவுச்சீட்டு கொடுக்கத் தொடங்கும்போது நீங்கள் கவுன்டர் முன்னால் நிற்க வேண்டும். சீட்டு வாங்கியதைத் தூக்கிப் போடாதீர்கள், அதே சீட்டை கிருஷ்ணகிரியிலும் கேட்பார்கள். உள்ளே போனதும் வலப்பக்கம், இடப்பக்கம் என்று கல்யாண மகால், களஞ்சியம், யானைக்குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் கண்ணைக் கட்டி இழுக்கும். நிற்காதீர்கள். அவை எல்லாம் நிழல் உள்ள கட்டடங்கள், இறங்கி வந்து மதியம் பார்க்கலாம், மலைதான் காத்திருக்காது. கல்யாண மகால் எட்டு நிலைக் கோபுரம், குழாய் வைத்து மேல் மாடி வரை தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள், அதை ஆற அமர உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஏறும்போது பேச்சு வருகிற வேகத்தில் ஏறுங்கள். முழு வாக்கியம் பேச முடிகிறதா, சரியான வேகம். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இருபத்தைந்து வயதுக்காரர்கள் செய்யும் தவறு முதல் நூறு படியை ஓட்டமாக ஏறுவது, அப்புறம் ஒவ்வொரு இருபது படிக்கும் உட்காருவது. கமலக்கண்ணி அம்மன் கோயில் வழியில் வரும், அங்கே ஒருமுறை நன்றாக உட்காருங்கள். தாகம் எடுக்கும் முன்பே இரண்டு வாய் குடியுங்கள்.

உச்சிக்கு முன்னால் மலை இரண்டாகப் பிளந்த மாதிரி ஒரு பள்ளம், சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் இந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பவர்களை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சத்ரபதி சிவாஜி 1677இல் பிடித்த கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து உட்கார்ந்தபோது முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகை போட்டு, உள்ளே நுழைய 1698 ஆயிற்று. எட்டு வருஷம். நீங்கள் ஒரு நாளில் இரண்டு மலை கேட்கிறீர்கள்! பிரெஞ்சுக்காரர்கள் 1750 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் ஏறிப் பிடித்துவிட்டார்கள். ராத்திரி ஏறினார்கள் பாருங்கள், வெயிலில்லை, விவரமானவர்கள். பிறகு 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது, சில மாதத்தில் செஞ்சியும் போயிற்று.

நம் ஊருக்கும் இந்த உச்சிக்கும் ஒரு ஒட்டு இருக்கிறது, கடலூர்க்காரர்களே பலருக்குத் தெரியாது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர்கள் 1690இல் வாங்கியது செஞ்சியில் இருந்த இதே மராட்டியர்களிடம்தான். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் வாங்கியவருக்கு என்று பேச்சு. அப்படி வந்தவைதான் குண்டு கிராமங்கள். கடலூரில் குண்டு சாலை வழியாக வண்டி ஓட்டும்போது ரோட்டில் குண்டும் குழியுமாக இருப்பதால் வந்த பெயர் என்று நினைத்த காலம் எனக்கும் உண்டு. ராஜகிரி உச்சியில் ஒரு பீரங்கி கிடக்கிறது, அதன் மேல் உட்கார்ந்து கிழக்கே பார்த்தால் இதெல்லாம் ஞாபகம் வரும். பீரங்கி சுடும், சூடாக இருக்கும் என்று சொல்கிறேன், உட்காரும் முன் தொட்டுப் பார்க்கவும்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம் எல்லாம் உண்டு. அங்கிருந்து கிருஷ்ணகிரி கீழே தெரியும், சாலைக்கு அந்தப் பக்கம். இவ்வளவுதானா, அரை மணியில் ஏறிவிடலாமே என்று எல்லாருக்கும் தோன்றும் இடம் இது. மேலே இருந்து பார்த்தால் எந்த மலையும் சின்னதுதான். அங்கே முடிவெடுக்காதீர்கள். அரை மணிக்கு மேல் உட்காரவும் வேண்டாம், உச்சியில் காற்று சுகமாக இருக்கும், கீழே பாறை சூடேறிக்கொண்டிருக்கும்.

இறங்கும்போதுதான் விழுவார்கள். ஏறி முடித்த தெம்பில் தடதடவென்று இறங்கினால் முட்டி வாங்கும், தேய்ந்த படியில் வழுக்கும். குறுக்காக, பக்கவாட்டில் கால் வைத்து இறங்குங்கள், கைப்பிடி இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடிவாரம் வந்ததும் நான்கு பேரும் நிழலில் உட்கார்ந்து மூன்று விஷயம் பாருங்கள். வாசலைத் தாண்டி மூன்று மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டீர்களா? எடுத்துப்போன தண்ணீரில் பாதி மிச்சம் இருக்கிறதா? கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, என்ன நிறம்? மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், மஞ்சளாக, அடர்த்தியாகப் போனால் உடம்பு ஏற்கெனவே கடனில் இருக்கிறது என்று அர்த்தம். மேலே கழிப்பறை கிடையாது, அதனால் பெண்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் ஏறுகிறார்கள். கூட்டத்தில் பெண்கள் இருந்தால் கிளம்பும் முன் வாசல் பக்கமே முடித்துக்கொண்டு தைரியமாகக் குடிக்கச் சொல்லுங்கள். இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும், நான்கு பேரில் ஒருவருக்குச் சரியில்லை என்றாலும் கிருஷ்ணகிரி கிடையாது. யாருக்காவது தலைவலி, குமட்டல், கால் இழுப்பு என்றால் நிழல், உப்புச்சர்க்கரைக் கரைசல், ஈரத்துணி. ஆள் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ அது வெப்ப வாதம், வாய் வழியாக எதையும் ஊற்றாமல் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

மூன்றும் சரி என்றால் தாராளமாகப் போங்கள். கிருஷ்ணகிரி உயரத்தில் குறைவு, ஆனால் படி செங்குத்து, மரநிழல் சொற்பம், களைத்த காலுக்கு அது சின்ன மலை இல்லை. கிருஷ்ணக் கோன் பெயரால் வந்தது என்பார்கள், ராணிக் கோட்டை என்றும் பெயர். மேலே குவிமாடம் வைத்த தர்பார் மண்டபம் ஒன்று இருக்கிறது, நான்கு பக்கமும் திறந்தது. ராஜகிரியில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும், அது அமைதி. சுற்றுலாக் கூட்டத்தின் ஸ்பீக்கர் சத்தம் இங்கே வராது. எனக்கு இரண்டில் பிடித்தது இதுதான், இருந்தாலும் இதைத்தான் இரண்டாவதாக வைக்கச் சொல்கிறேன்.

போக முடியவில்லை என்றால் அந்த நாள் வீண் இல்லை. கல்யாண மகாலில் மதியத்தை ஓட்டிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் செஞ்சிக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருநாதர் குன்றுக்குப் போங்கள். சின்னக் குன்று, ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்டதைச் சொல்லும் பழைய கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஐம்பத்தேழு என்று அதில் வெட்டியிருக்கும் இடத்தில் 'ஐ' எழுத்தின் பழைய வடிவத்தைக் காட்டி எழுத்து ஆராய்ச்சிக்காரர்கள் சிலாகிப்பார்கள். இரண்டாவது உச்சி என்ற கணக்குக்கு இதையே வைத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

என்ன எடுத்துப் போவது? ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், குறைந்தது. அதில் ஒன்று உப்பு போட்ட மோர் அல்லது நீராகாரம். பழைய சோற்றுத் தண்ணீரில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு ஃபிளாஸ்கில் எடுத்துப் போவேன், பையன்கள் சிரிப்பார்கள், பாதி வழியில் அவர்களே வாங்கிக் குடிப்பார்கள். குளிர்பானம் வேண்டாம், அந்தச் சர்க்கரை தாகத்தைக் கூட்டும். தொப்பியைவிடத் தலையில் ஈரத்துண்டு மேல். முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள், கை தெரியும் பனியன் வேண்டாம். செருப்பு வேண்டவே வேண்டாம், ஷூ இரண்டு வாரமாவது போட்டுப் பழகியதாக இருக்கட்டும். சாப்பாட்டை பாலிதீன் கவரில் கையில் தொங்கவிட்டுப் போனால் குரங்குகள் வாங்கிக்கொள்ளும், கேட்டு வாங்காது. எல்லாம் ஜிப் போட்ட பையின் உள்ளே. பலகாரப் பொட்டலத்தை அவற்றின் முன்னால் பிரிக்காதீர்கள்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. வைகாசியில் மதியத்துக்கு மேல் மேற்கே கருத்துக்கொண்டு வந்து கோடை இடி இடிக்கும். அந்த மலையில் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள் நீங்கள்தான். முதல் உறுமல் கேட்டதும் இறங்கத் தொடங்குங்கள், மண்டபத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். நனைந்த பாறையில் பாசி இல்லாவிட்டாலும் வழுக்கும்.

போகும் வழி: புதுச்சேரி, திண்டிவனம் வழியாகப் போனால் கடலூரிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். விழுப்புரம் வழியாகப் போனாலும் ஏறக்குறைய அதுதான். சொந்த வண்டி என்றால் விழுப்புரம் வழியையே சொல்வேன், செஞ்சிக்கு முன்னால் மண்டகப்பட்டு வரும், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டினேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்ட குடைவரை அங்கேதான். திரும்பும்போது பத்து நிமிஷம் இறங்கிப் பார்க்கலாம். பஸ் என்றால் புதுச்சேரியில் திருவண்ணாமலை வண்டி பிடித்து கோட்டை நிறுத்தம் என்று சொல்லுங்கள். ஒருமுறை எங்களோடு வந்த நண்பர் கண்டக்டரிடம் கிருஷ்ணகிரி என்று சொல்லிவிட்டார். அது பெங்களூர் போகிற பஸ். கண்டக்டர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கே டிக்கெட் கிழித்துவிட்டார், அப்புறம் திண்டிவனம் வரை அந்தப் பஞ்சாயத்துதான். வைகாசியில் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே சாலையோரத்தில் நுங்கு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதை இறங்கி வந்தபின் சாப்பிடுங்கள், ஏறும் முன் வயிறு நிறைய வேண்டாம்.

வெள்ளியங்கிரிக்கு இது பழக்கம் ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். பாதி ஆகும். படிக்குப் பழகும், தண்ணீர்க் கணக்கு பழகும், நான்கு பேரில் யார் அவசரக்காரர், யார் வலியைச் சொல்லாமல் மறைப்பவர் என்று தெரிந்துவிடும், அது ரொம்ப முக்கியம். ஆனால் வெள்ளியங்கிரி ஏழு மலை, காட்டு வழி, ராத்திரிக் குளிர், வனத்துறை விடும் மாதங்களில் மட்டும்தான் ஏற முடியும். கோடையில் காட்டு மலை என்றாலே அனுமதியில்லாமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மலையேறப் போன இளம் ஆட்கள்தான். செஞ்சியில் அந்த அளவுக்குப் பயம் இல்லை, அதனால்தான் வைகாசியில் கேட்கிறவர்களுக்கு அதைச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று விட்டுப்போயிற்று. மறுநாள் அவ்வளவாக வலிக்காது, அதற்கு அடுத்த நாள்தான் பெரும்பாலும் தொடை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைத் தேடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு திங்கட்கிழமை ஒன்றுமில்லையே என்று பீற்றிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை வேலைக்கு நொண்டிக்கொண்டு போகாமல் இருக்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் போய் வாருங்கள். கூட்டமும் குறைவாக இருக்கும்.